நானில்லை, பக்கத்து வீட்டைக் கேளு

எட்டு வருஷமாக வெர்னிஸ் டல்லக் பாடிய வார்த்தைகளை எல்லாம் சேர்த்தால் ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம். 'ஊ', 'ஆ', 'ஆமாம் ஆமாம்', 'ஓ கண்ணே'. அவ்வளவுதான். ஆனால் எங்கள் தீவின் தலைநகர் கிங்ஸ்டனில் எந்த ரம் கடையில் தலையை நீட்டினாலும் அந்த 'ஊ' கேட்கும். முடிவெட்டும் கடையில் கேட்கும், பஸ்ஸில் கேட்கும், டாமினோ மேஜையைத் தட்டுகிற சத்தத்துக்கு நடுவிலும் கேட்கும். நட்சத்திரம் கார்னல் வைட் ஒரு வரி பாடுவான். பின்னால் நின்று வெர்னிஸும் அவள் தோழி பான்சியும் பதில் பாடுவார்கள். ஜனங்கள் "கார்னல்! கார்னல்!" என்று கத்துவார்கள். பின்பாட்டுக்காரிகளின் பேரைப் போட இசைத்தட்டின் லேபிளில் இடம் பத்தாதாம். அதே லேபிளில் தயாரிப்பாளர் லாசல்ஸின் பேர் மட்டும் மூன்று இடத்தில் இருக்கும்: தயாரிப்பு, இசை, பாடல். அந்த மனுஷனுக்கு ஒரு வரி எழுத வருமா? கேட்டால் சண்டைக்கு வருவார்.

எழுபத்து நாலாம் வருஷம், ஒரு சனிக்கிழமை. ஆரஞ்சுத் தெருவுக்குப் பின்னால் லாசல்ஸின் ஸ்டுடியோ. கார்னல் அன்று நல்ல குஷியில் வந்து இரண்டு பாட்டையும் மளமளவென்று பாடி முடித்துவிட்டுப் போய்விட்டான். வாத்தியக்காரர்களுக்குக் கூலி கொடுத்த நேரத்தில் இன்னும் அரைமணி பாக்கி. டிரம்ஸ்காரர் குச்சியைக்கூடக் கீழே வைக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிற வாத்தியக்காரர்களைக் கண்டால் லாசல்ஸுக்கு உடம்பெல்லாம் எரியும்.

"யார்கிட்டயாவது பாட்டு இருக்கா? சீக்கிரம் சொல்லுங்கடா, அரமணி வீணாப் போகுது!"

பான்சி வெர்னிஸின் முதுகில் ஒரு குத்து விட்டாள். "போடி. ரெண்டு வருஷமா என் காதத் தின்னியே, அந்தப் பாட்டச் சொல்லு."

வெர்னிஸுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனாலும் வாய் ஓடியது. "என்கிட்ட ஒண்ணு இருக்கு, மிஸ்டர் லாசல்ஸ்."

"உன்கிட்டயா?" என்று அவர் மேலும் கீழும் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, பாடித் தொல."

பாட்டு கேள்வியும் பதிலுமாகப் போகும். பெண்டாட்டி கேட்பாள்: 'மூடி வச்ச மீனை யாரு தின்னது?' புருஷன் பதில் சொல்வான்: 'நானில்லை, நானில்லை, பக்கத்து வீட்டைக் கேளு.' 'சட்டையில யாரு உதட்டுச்சாயம் வச்சது?' 'நானில்லை, நானில்லை, பக்கத்து வீட்டைக் கேளு.' இப்படி எட்டுக் கேள்வி. இரண்டையும் வெர்னிஸே பாடுவதாக ஏற்பாடு. பேஸ் கிட்டார்காரர் ஒரு மெட்டைப் பிடித்தார் பாருங்கள், அடேயப்பா! தரை வழியாக ஏறி முழங்காலுக்கு வந்துவிட்டது. இன்ஜினியர் ஆஸ்பர்ட் சிவப்பு விளக்கைப் போட்டார்.

முன்னிசை முடிந்தது. வெர்னிஸ் கண்ணை மூடினாள். மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

எட்டு வருஷமாக அவள் செய்வது அதுதானே? முன்னிசை முடிந்ததும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். கார்னல் எட்டுத் தாளத் தட்டு நேரம் பாடுவான். அவன் வாய் மூடியதும் இவள் வாய் திறக்க வேண்டும். உடம்பில் ஊறிப்போன பழக்கம். அன்றைக்கு முன்னால் கார்னல் இல்லை, யாருமே இல்லை. ஆனால் உடம்புக்கு அது தெரியவேண்டுமே! கேள்வி அவள் மண்டைக்குள் கணீரென்று ஓடியது. வெளியே வந்தது பதில் மட்டும். முதல் கேள்விக்கு அப்படி, இரண்டாவதுக்கும் அப்படி, எட்டாவது வரைக்கும் அப்படியேதான். தான் இரண்டையும் பாடுவதாக நினைத்துக்கொண்டு, கண்ணை மூடி, தோளை ஆட்டி, உயிரைக் கொடுத்துப் பாடினாள் அந்தப் பைத்தியக்காரி.

டேப்பைத் திருப்பிப் போட்டுக் கேட்டபோது பான்சி தலையில் அடித்துக்கொண்டாள். "பாவி! கேள்வி எங்கடி?"

டேப்பில் டிரம்ஸும் பேஸும் எட்டுத் தட்டு வெறுமனே நடக்கின்றன. பிறகு திடீரென்று ஒரு பெண் 'நானில்லை, நானில்லை' என்று கெஞ்சுகிறாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. மறுபடி எட்டுத் தட்டு ஓட்டை. மறுபடி 'நானில்லை'. வெர்னிஸுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது.

"இன்னொரு தடவ பாடறேன் மிஸ்டர் லாசல்ஸ். அந்த எட்டு வரிதான். அஞ்சு நிமிஷம்."

லாசல்ஸ் மோவாயைத் தடவிக்கொண்டு மறுபடி ஒருதரம் கேட்டார். அவர் கண் மினுங்கியது.

"நீ ஒண்ணும் பாட வேணாம். ஓட்டை நல்ல ஓட்டைதான். திங்கக்கிழம காலைல பத்து மணிக்கு கார்னல் வந்து இதுல காதல் வரியாப் போட்டுப் பாடட்டும். ஆம்பள கேப்பான், பொம்பள பதில் சொல்லுவா. பதினோரு மணிக்கு டேப்பு தட்டு அடிக்கிற தொழிற்சாலைக்குப் போயிடும். கார்னல் வைட்டோட புதுப் பாட்டு!"

"அது என் பாட்டு."

"உன் பாட்டுதாம்மா, யாரு இல்லேன்னா? நீயும் அதுல இருக்கியே. பின்னாடி."

சொல்லிவிட்டு லாசல்ஸ் கறி அடைத்த பலகாரம் வாங்கித் தின்னக் கடைக்குப் போய்விட்டார். வெர்னிஸ் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அதிலும் பாதி தன் மேலேயே.

ஆஸ்பர்ட் அதிகம் பேசாத மனிதர். கதவைச் சாத்தினார், வெட்டும் இயந்திரத்தில் ஒரு தகட்டை மாட்டினார், டேப்பை ஓடவிட்டுப் பாட்டை ஒரு பக்கத்திலும் வெறும் வாத்தியத்தை மறுபக்கத்திலும் வெட்டினார். அலுமினியத்தின் மேல் அரக்குப் பூசிய அந்த அவசரத் தட்டுக்கு எங்கள் ஊரில் டப் பிளேட் என்று பேர். பத்துத் தடவை ஓடினால் தேய்ந்து கரகரக்கும். ஆனால் தொழிற்சாலையை நம்பாமல் அன்றைக்கே ஜனங்களிடம் கொண்டுபோகலாம். சூடு ஆறாத தட்டை அவள் மடியில் வைத்தார்.

"நாளைக்கு மத்தியானம் பாகா மைதானத்துல ஸ்பீக்கர் வச்சுத் தட்டு போடறான். ஜனம் வேலியத் தட்டுனா லாசல்ஸால ஒண்ணும் பண்ண முடியாது. தட்டலேன்னா நான் உனக்கு எதுவும் குடுக்கல, நீ என்னப் பாக்கவும் இல்ல."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெர்னிஸ் தட்டை ஒரு துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள். கூடவே பான்சி, யாராவது இடித்தால் கடித்துவிடுவாள் போல. நாலு பக்கமும் தகரவேலி அடைத்த அந்த மைதானத்தில் அலமாரி உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டிகள். மிஸ் இசில்டா வாசலருகே சட்டி வைத்து மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். சர்ச் முடிந்து அப்படியே வந்தவர்கள் தொப்பியும் பைபிளுமாக ஓரத்தில் நின்றார்கள். ஆடமாட்டார்களாம், காற்று வாங்க வந்தார்களாம்.

எங்கள் ஜனத்துக்கு ஒரு பாட்டுப் பிடித்தால் கைதட்டமாட்டார்கள். தகரவேலியைத் தட்டுவார்கள். கையால், செருப்பால், பாட்டிலால், எது கிடைக்கிறதோ அதால். வேலி அதிர்ந்தால் தட்டு போடுகிறவன் ஊசியைத் தூக்கி முதலிலிருந்து போட்டாக வேண்டும். போடாவிட்டால் அவன் பாடு திண்டாட்டம். பிடிக்காவிட்டாலும் சத்தம் போடமாட்டார்கள், மீன் வாங்கப் போய்விடுவார்கள். அது இன்னும் மோசம்.

தட்டு போடுகிற பாகா ஆறடி உயரம், அரையடி மரியாதை. "என்ன தட்டு? யாரு பாடுனது?"

"நான்தான்."

"நீ கார்னலுக்குப் பின்னாடி நிக்கற பொண்ணுதானே? கார்னல் எங்க?"

"இதுல கார்னல் இல்ல."

"அப்ப இதுல என்னதான் இருக்கு?"

பான்சி முன்னால் வந்தாள். "ஏன்யா, போன கிறிஸ்மஸுக்கு என் தங்கச்சிகிட்ட நீ என்ன சொன்னேன்னு மைக்ல சொல்லட்டுமா? அவ இங்கதான் நிக்கறா. உன் பொண்டாட்டியும் இங்கதான் நிக்கறா."

பாகா தட்டை வாங்கி ஊசியை வைத்துவிட்டான்.

பேஸ் கிளம்பியது. தலைகள் ஆட ஆரம்பித்தன. முன்னிசை முடிந்தது. வந்தது ஓட்டை. எட்டுத் தட்டும் வெறும் பேஸ். ஒருத்தன் கத்தினான்: "பாகா, ஊசி குதிக்குது!" இன்னொருத்தன், "தட்டுல கீறல்டா!" பிறகு அவள் குரல் மைதானம் முழுக்கக் கெஞ்சியது: 'நானில்லை, நானில்லை, பக்கத்து வீட்டைக் கேளு!'

"என்னது நீயில்ல? யாரு உன்ன என்ன கேட்டா?" என்று எவனோ கேட்கக் கொல்லென்று சிரித்தார்கள்.

இரண்டாவது ஓட்டை. நாலைந்து பேர் மீன் சட்டிப் பக்கம் நகர்ந்தார்கள். பாகாவின் கை ஊசிக்குப் போனது. வெர்னிஸ் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "ஒரு ரவுண்டு விடு. ஒரே ஒரு ரவுண்டு. உன்னக் கும்பிடறேன்."

மூன்றாவது ஓட்டை வந்தது. எட்டுத் தட்டும் அவளுக்கு எட்டு வருஷமாகப் போனது. அப்போது மீன் சட்டிக்குப் பின்னாலிருந்து, கரண்டியை ஓங்கிக்கொண்டு, மிஸ் இசில்டா தொண்டை கிழியக் கேட்டாள்:

"என் பெரிய சட்டிய எரவல் வாங்கிட்டுப் போனது எவடி?"

'நானில்லை, நானில்லை, பக்கத்து வீட்டைக் கேளு!'

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. அடுத்த நொடி மைதானமே வெடித்தது. சிரிப்பா அது? மரத்திலிருந்த பறவை எல்லாம் பறந்துவிட்டது. அடுத்த ஓட்டைக்கு நாலு பேர் வாயைத் திறந்துகொண்டு தயாராக நின்றார்கள். தச்சன் ஒருவன் முந்திக்கொண்டான்: "என் வேலித் தகரத்த உருவுனது யாரு?" 'நானில்லை, நானில்லை!' ஒரு பெண் புருஷனின் காலரைப் பிடித்து, "வியாழக்கிழம ராத்திரி எங்கய்யா போன, பெர்சிவல்?" 'நானில்லை, நானில்லை, பக்கத்து வீட்டைக் கேளு!' அவன் பக்கத்து வீட்டுக்காரி அங்கேதான் நின்றிருந்தாள். பெர்சிவல் கதை கந்தல்.

டம டம டம டம! வேலி! நாலு பக்கமும் வேலி! செருப்பு, பாட்டில், ஒருத்தன் தன் மண்டையாலேயே தட்டினான். பாகா ஊசியைத் தூக்கினான். அவன் முகத்தில் இப்போது முப்பத்திரண்டு பல்லும் தெரிந்தன.

"கேட்டது போதலயா? மறுபடி வருது! யார் மேல யாருக்கு என்ன கோவமோ, இப்பவே யோசிச்சு வச்சுக்கங்க!"

பான்சி வெர்னிஸைக் கட்டிக்கொண்டு குதித்தாள். வெர்னிஸ் சிரித்தாள், அழுதாள், எது எப்போது என்று அவளுக்கே தெரியவில்லை. தட்டு மூன்றாம் தடவை போனது, நாலாம் தடவை போனது. "குழாயத் தொறந்தா காத்து வருதே, தண்ணிய யாரு குடிச்சது?" என்று தெருவே சேர்ந்து கேட்டது. காற்று வாங்க வந்த சர்ச் அம்மாள் ஒருத்தி, பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, விரலை நீட்டி, "காணிக்கைத் தட்டுல பொத்தானப் போட்டது யாரு?" என்று ஒரு போடு போட்டாள். 'நானில்லை, நானில்லை!' சொன்னவள் அப்படியே இடுப்பை ஆட்டிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஏழாவது தடவை வேலி அதிர்ந்தபோதுதான் லாசல்ஸ் வாசலில் வந்து நின்றார். பக்கத்தில் வெள்ளைத் தொப்பி வைத்த கார்னல். சனிக்கிழமை பாடிய பாட்டை ஜனம் கேட்கட்டும் என்று எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

"அது என் டேப்புடா!" என்று லாசல்ஸ் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தார். பாதி வழியிலேயே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. வேலியைப் பார்த்தார், ஜனத்தைப் பார்த்தார். வந்து சேர்ந்தபோது கோபம் போய்விட்டிருந்தது, வேறொன்று வந்திருந்தது.

"பாத்தியா வெர்னிஸ்? நான் சொன்னேனா இல்லையா, நல்ல ஓட்டைன்னு! கார்னல் குரல் மட்டும் ஏறட்டும், இந்தத் தீவே தாங்காது. டேய் கார்னல், மைக்க வாங்கு. ஜனத்துக்கு ஒரு ருசி காட்டு!"

வெர்னிஸுக்குச் சப்பென்று ஆனது. வேலி தட்டினால் லாசல்ஸால் ஒன்றும் பண்ண முடியாது என்றாரே ஆஸ்பர்ட்? தட்டியதால்தானே இப்போது அந்த மனுஷனுக்குப் பசி இரண்டு மடங்கு ஆகிவிட்டது! இத்தனை ஜனமும் அவளுக்கு ஆடியதெல்லாம் நாளைக்குக் காலை பத்து மணிக்குக் கார்னல் கணக்கில் போய்விடும்.

கார்னல் நல்லவன்தான். சொன்னதைச் செய்வான், யோசிக்கமாட்டான். மைக்கை வாங்கித் தொப்பியைச் சாய்த்து வைத்துக்கொண்டான். பேஸ் வந்தது, ஓட்டை வந்தது. தேனாக ஒரு குரல் உருகியது:

"ராணி போல உன்ன வச்சுக் காப்பது யாரு?"

'நானில்லை, நானில்லை, பக்கத்து வீட்டைக் கேளு!'

சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு சிரிப்பை அந்த மைதானம் அதுவரை கண்டதில்லை. மிஸ் இசில்டா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "பாவம் அந்தப் பொண்ணு, உண்மையச் சொல்லுதுடா!" என்று ஒருத்தன் கத்தினான். கார்னல் மைக்கைப் பார்த்தான், ஸ்பீக்கரைப் பார்த்தான். பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் லாசல்ஸ் சிரிக்கவில்லை. "வரிய மாத்திக்கலாம்! ராத்திரி உக்காந்து வேற வரி எழுதிக்கலாம். நீ பாடுடா!"

வெர்னிஸ் கையை நீட்டிக் கார்னலின் கையிலிருந்து மைக்கை எடுத்தாள். அவன் கொடுத்துவிட்டான்.

தட்டில் கரகரப்பு ஆரம்பித்திருந்தது. அவள் பதில் முடிந்து அடுத்த ஓட்டை வந்தது. உடம்பு பழையபடி மூச்சை இழுத்தது, பிடித்துக்கொண்டது. ஒரு தட்டு. இரண்டு தட்டு. முந்நூறு பேர் அவள் வாயைப் பார்க்கிறார்கள். 'விடுடீ, விடு, மூச்சை விடு' என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மூன்றாவது தட்டில் தொண்டை திறந்தது. எட்டு வருஷம் பின்னால் நின்ற குரல், முன்னால் ஒரு ஆளும் இல்லாமல், தகரவேலி தாண்டித் தெரு வரைக்கும் போனது:

"என் பாட்டப் பறிச்சு எவனுக்கோ குடுக்கப் போறது யாரு, மிஸ்டர் லாசல்ஸ்?"

கூட்டம் மொத்தமும் ஒரே திருப்பாகத் திரும்பி லாசல்ஸைப் பார்த்தது. பாகா சத்தத்தைக் குறைத்துவிட்டான், படுபாவி! ஸ்பீக்கரில் பதில் முணுமுணுத்துக்கொண்டு வருகிறது. ஜனத்தில் ஒருத்தர் கூடப் பாடவில்லை. பதில் அவர் வாயிலிருந்து வரட்டும் என்று காத்துக்கொண்டு நிற்கிறார்கள். மிஸ் இசில்டாவின் கையில் கரண்டி இருக்கிறது.

லாசல்ஸுக்கு நெற்றியில் வேர்த்தது. மனுஷன் பேராசைக்காரர்தான், ஆனால் இருபது வருஷமாக இந்த ஜனத்துக்கு இசைத்தட்டு விற்கிறவர். இவர்கள் வேண்டாம் என்று சொன்ன தட்டு எந்தக் கடையிலும் போகாது என்று அவருக்குத் தெரியாதா? தொப்பியைக் கழற்றினார். தொண்டையைக் கனைத்தார். தாளமும் இல்லை, சுதியும் இல்லை, கழுதை தோற்கும் குரலில் பாடினார்:

"நானில்ல... நானில்ல... பக்கத்து வீட்டக் கேளு..."

சொல்லும்போது பக்கத்தில் நின்ற கார்னலைக் கையைக் காட்டிவிட்டார்.

"என்ன எதுக்கு பாஸ் இழுக்கறீங்க?" என்று கார்னல் அலற, வேலி இடித்தது பாருங்கள், தெற்குப் பக்கத்துத் தகரம் இரண்டு ஆணியோடு பெயர்ந்து சாலையில் விழுந்தது. வெளியே நின்று காதை ஒட்டவைத்துக் கேட்டுக்கொண்டிருந்த ஜனம் அந்த வழியாக உள்ளே வந்தது. முந்நூறு பேருக்கு முன்னால் 'நானில்லை' என்று பாடியாகிவிட்டது. இனி திங்கட்கிழமை அதை மாற்றிச் செய்தால் லாசல்ஸ் இந்தத் தெருவில் நடமாட முடியாது. அது அவருக்கும் தெரியும், வெர்னிஸுக்கும் தெரியும், மீன் பொரிக்கிறவளுக்கும் தெரியும்.

பாகா ஊசியைத் தூக்கினான். "தட்டு தேஞ்சு போச்சு மிஸ் வெர்னிஸ். மறுபக்கம் வெறும் டிரம்ஸும் பேஸும் இருக்கு. அதப் போடறேன். நீங்க பாடுங்க." மிஸ் வெர்னிஸாம்! ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அவள் கார்னலுக்குப் பின்னால் நிற்கிற பொண்ணு.

லாசல்ஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அவள் காதருகே குனிந்தார். "சரி தாயே, ஓட்டையோடவே அடிச்சு விடறேன். உன் பேருதான், உன் குரல்தான். ஆனா அந்த 'நானில்ல'வுக்கு அடியில ஒரு ஆம்பளக் குரல் சேந்தா இன்னும் கனமா இருக்கும். பின்பாட்டுக்கு யாரப் பிடிக்கிறது?"

வெர்னிஸ் பதில் சொல்வதற்குள், தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டிருந்த கார்னல், வகுப்பில் பதில் தெரிந்த பையன் போலக் கையைத் தூக்கினான். "கீழ் சுதி நான் பிடிக்கட்டுமா? எனக்கு வருமான்னு தெரியல. ஒரு தடவகூடப் பின்னாடி நின்னதில்ல."

வெர்னிஸ் அவனைப் பார்த்தாள். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

"நாளைக்குப் பத்து மணிக்கு வந்துடு," என்றாள். "முன்னிசை முடிஞ்சதும் மூச்ச இழுத்துப் பிடிச்சுக்கோ. நான் வாய மூடற வரைக்கும் விடாத."

பிறகு பாகாவுக்குக் கையைக் காட்டினாள், பாட்டு ஆரம்பித்தது.